பொறுத்திருந்து அறிந்தவர்

செல்வத்தையும் கால்நடையையும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் சில மொழிகளில் உண்டு. தமிழில் 'மாடு' அத்தகைய சொல். வட அட்லாண்டிக் தீவாகிய ஐஸ்லாந்தின் மொழியில் 'ஃபியே' என்பது செம்மறியாட்டையும் பணத்தையும் குறிக்கும். கம்பளியும் இறைச்சியும் தந்து அம்மக்களைப் பல நூற்றாண்டுகள் வாழவைத்தவை அந்த ஆடுகளே. அவற்றை அழிக்க வந்த நோயின் இயல்பை ஆராய்ந்தவர் பியோர்ன் சிகுர்த்சன்.

1913-இல் ஐஸ்லாந்தின் வடபகுதியில் பிறந்த அவர், 1937-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். டென்மார்க்கிலும், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரிலிருந்த ராக்ஃபெல்லர் ஆய்வுக்கூடத்திலும் பயின்று தாயகம் திரும்பினார். அங்கே மந்தைகள் மடிந்துகொண்டிருந்தன.

தீங்கின் தொடக்கம் எளியது. 1933-இல், தோலுக்குப் பெயர்பெற்ற காரகுல் இன ஆடுகள் 20 ஜெர்மனியிலிருந்து வரவழைக்கப்பட்டன. தனிமைப்படுத்திப் பார்த்தபோது அவை நலமாகவே தோன்றியதால், பண்ணைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. சில ஆண்டுகள் கழித்து உள்ளூர் ஆடுகள் மூச்சிரைத்து மெலிந்து இறக்கலாயின. அந்நோய்க்கு 'மைதி' என்று பெயர். மூச்சிரைப்பு என்பது பொருள். வேறு சில ஆடுகளுக்குப் பின்னங்கால்கள் தளர்ந்து, உடல் செயலிழந்தது. அதனை 'விஸ்னா', அதாவது வாடிப்போதல், என்றனர். இரண்டுக்கும் காரணம் ஒரே வகை வைரஸ் என்பது பின்னாளில் உறுதியாயிற்று. நீண்ட குளிர்காலத்தில் ஆடுகளைக் கொட்டிலில் நெருக்கமாக அடைத்து வைத்ததால் நோய் எளிதில் பரவியது.

நலமான ஆடு எது, நோயை உள்ளே சுமக்கும் ஆடு எது என்று பிரித்தறிய வழியில்லை. ஆகவே, பாதிக்கப்பட்ட பகுதிகளில் மந்தைகளை முழுமையாகக் கொன்று, நோயற்ற பகுதிகளிலிருந்து புதிய ஆடுகளைக் கொண்டுவர நேர்ந்தது. இவ்வாறு கொல்லப்பட்டவை ஏறத்தாழ 6,50,000. நோயின் அடையாளமே இல்லாத தம் ஆடுகளையும் உழவர்கள் இழந்தனர்.

1948-இல் ரெய்க்யவிக் அருகே தொடங்கப்பட்ட கெல்துர் ஆய்வு நிறுவனத்தின் தலைமையைச் சிகுர்த்சன் ஏற்றார். நோயுற்ற ஆட்டின் மூளைத்திசுச் சாற்றை நலமான ஆடுகளுக்குச் செலுத்தி, அவரும் உடன்பணியாற்றியோரும் காத்திருந்தனர். வாரக்கணக்கில் முடியும் ஆய்வன்று அது. தளர்ச்சி வெளிப்பட மாதங்களும் ஆண்டுகளும் ஆயின. ஆயினும் மூளைத் தண்டுவடத் திரவத்தை இடையிடையே எடுத்துச் சோதித்தபோது, ஆடு நலமாக நடமாடிய நாள்களிலேயே அதில் வெள்ளையணுக்கள் பெருகியிருந்தன. புறத்தே அமைதி நிலவ, அகத்தே போர் நடந்துகொண்டிருந்தது.

இவற்றைக் கொண்டு, 1954-இல் இலண்டன் பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளில் 'மெதுநோய்த்தொற்று' என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். நெடுங்காலம் மறைந்திருந்து, வெளிப்பட்டபின் மாறாத போக்கில் முதிர்ந்து, பெரும்பாலும் இறப்பில் முடியும் தொற்று அது. தொற்று என்றால் விரைவில் தாக்கி விரைவில் முடிவது என்று மருத்துவ உலகம் பெரிதும் எண்ணியிருந்த காலத்தில் இது துணிவான கருத்தாகும். விஸ்னா வைரஸை ஆய்வுக்கூடத்தில் செல்களில் வளர்க்கவும் அவருடைய குழு வெற்றி கண்டது. அவ்வாய்வுக்கட்டுரை 1960-இல் வெளிவந்தபோது அவர் உயிரோடில்லை. 1959-இல் தம் 46-ஆம் வயதில் மறைந்திருந்தார்.

வைரஸ் எங்கே ஒளிந்திருந்தது என்பதைப் பின்வந்தோர் கண்டனர். நுண்ணுயிரிகளை விழுங்கி உடலைக் காக்க வேண்டிய மோனோசைட்டு என்னும் வெள்ளையணுவே அதன் உறைவிடம். வைரஸ் தன் மரபுப்பொருளை அவ்வணுவின் மரபுப்பொருளோடு இணைத்துவிட்டு, அங்கே ஏறத்தாழ அடங்கிக் கிடக்கிறது. வைரஸ் புரதங்கள் வெளிப்படாததால் நோய்த்தடைக்காப்பு மண்டலம் அவ்வணுவை அடையாளம் காண்பதில்லை. காவலனின் உடைக்குள் பகைவன் புகுந்ததைப் போன்றது இது. அணு நுரையீரலையோ மூளையையோ அடைந்து மேக்ரோஃபேஜாக முதிரும்போது வைரஸ் பெருகுகிறது. அதனை எதிர்க்கத் திரளும் நோய்த்தடைக்காப்புச் செல்களே திசுவைத் தடிக்கச் செய்து சிதைக்கின்றன.

வெள்ளாடுகளுக்கு மூட்டுவீக்கமும் மூளை அழற்சியும் தரும் வைரஸ் இதன் நெருங்கிய உறவு. 1983-இல் கண்டறியப்பட்ட எய்ட்ஸ் வைரஸும் இக்குடும்பத்ததே என்பது விரைவில் தெளிவாயிற்று. மெதுவானது என்னும் இலத்தீன் சொல்லால் இவ்வினத்திற்கு லென்டிவைரஸ் என்று பெயரிட்டனர். ஐஸ்லாந்திலோ 1965-க்குப் பின் மைதி தோன்றவில்லை.