பித்தப்பையை எடுத்த பிறகும் விடாத வலி... ஒரு பிரிட்டிஷ் பிரதமரின் கதை!

பித்தப்பையில கல்லா? ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா தீர்ந்துச்சு! பெரும்பாலானவங்களுக்கு இது உண்மைதான். ஆனால், ஆன்டனி ஈடனுக்கு எடுத்த பிறகுதான் பிரச்னையே ஆரம்பிச்சது.

யார் இந்த ஈடன்? 1897-ல் பிறந்த இங்கிலாந்து அரசியல்வாதி. பார்க்க சினிமா ஹீரோ மாதிரி இருப்பார். சர்ச்சில் ஆட்சியில் வெளியுறவு அமைச்சர். அடுத்த பிரதமர் இவர்தான்னு எல்லாருமே எதிர்பார்த்தாங்க.

1953 ஏப்ரலில் லண்டனில் அவருக்கு பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. அதில் பித்தக்குழாய் காயப்பட்டுவிட்டது. கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகிற பாதை அது. பித்தப்பை இல்லாம வாழலாம். ஆனா, அந்தக் குழாய் அடைபட்டா கல்லீரலே ஆட்டம் கண்டுடும். அதே மாசக் கடைசியில் மறுபடியும் ஆபரேஷன். அப்பவும் சரியாகலை.

ஜூனில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனார். பித்தக்குழாயைச் சீரமைப்பதில் பேர்பெற்ற டாக்டர் ரிச்சர்ட் கேட்டல், குழாயைக் குடலோடு இணைத்தார். அதே மாசம் சர்ச்சிலுக்குப் பக்கவாதம். வாரிசோ கடல் தாண்டி ஆஸ்பத்திரியில்! ஈடன் பிரதமரானது 1955-ல்தான்.

நாற்காலி கிடைத்தும் நிம்மதி இல்லை. குழாய் சுருங்கினால் பித்தநீர் தேங்கும், கிருமி பெருகும், வலியும் குளிர்காய்ச்சலும் வரும். 1956 அக்டோபரில் அவருக்குக் காய்ச்சல் 106 டிகிரி! அந்த மாசக் கடைசியில் சூயஸ் கால்வாய்க்காக எகிப்து மீது தாக்குதல், அமெரிக்காவே எதிர்த்தது. நோயும் மாத்திரைகளும் அவர் முடிவுகளைப் பாதிச்சதான்னு இன்னிக்கும் விவாதம் நடக்குது. 1957 ஜனவரியில், உடல்நிலையைச் சொல்லி ராஜினாமா செய்தார்.

ஏப்ரலில் மறுபடியும் கேட்டலிடமே ஆபரேஷன். 1970-லும் ஒன்று. ஆனாலும், பதவி விலகிய பிறகு 20 வருஷம் வாழ்ந்து, 1977-ல் 79 வயதில்தான் இறந்தார். காரணத்தைக் கண்டுபிடிச்சு, அனுபவமுள்ள டாக்டரிடம் போனதுதான் அவரைக் காப்பாத்துச்சு.

இன்னிக்கு எம்.ஆர்.சி.பி ஸ்கேனில் பித்தக்குழாயைக் கத்தி வைக்காமலே பார்த்துடலாம். குழாயில் தங்கிப்போன கல்லையும் சில அடைப்புகளையும் எண்டோஸ்கோப்பி மூலமாவே சரிசெய்யலாம். ஆபரேஷனுக்குப் பிறகு வர்ற எல்லா வலியும் ஆபத்தானது இல்லை. அல்சர், அசிடிட்டிகூட காரணமா இருக்கலாம். ஆனா, வலி விடாம இருந்தா டாக்டரைப் பாருங்க. கூடவே குளிர்காய்ச்சல், கண்ணில் மஞ்சள், அடர் நிறத்தில் சிறுநீர் இருந்தா, கேஸ் மாத்திரை போட்டுத் தள்ளிப்போடாதீங்க. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க!