சேலத்து மலையடியில் உருவான இராட்சத யானை

யானை இறங்கிவிட்டது! இந்தச் சேதி ஒன்று போதும், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்திலே வேலை நின்றுவிடும். விடியுமுன் போடியிலே ஜீப்பில் ஏறி, கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, காய் எடுக்கப் போகிற தாய்மார்களுக்கு அந்தச் சேதியின் பொருள் தெரியும். கூலி போகும், சில நாட்களில் உயிரும் போகும்.

இந்த அச்சத்தை வைத்து ஒரு படமே எடுத்தார் ஒரு தமிழர். அதுவும் அமெரிக்கரோடு கூட்டுச் சேர்ந்து, ஆங்கிலத்திலே! காட்டு யானைகள் வெறிகொண்டு ஊர்களை அழிக்கின்றன; காரணம் தேடிப் போகிறது ஒரு கூட்டம்; காட்டின் உள்ளே, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பூண்டற்றுப்போன மயிரடர்ந்த இராட்சத யானைகள் உயிரோடு நிற்கின்றன. இதுதான் கதை. ஆண்டு 1952. தமிழிலே 'காடு', ஆங்கிலத்திலே 'தி ஜங்கிள்'. எடுத்த இடம் ஹாலிவுட் அல்ல, சேலம்! எடுத்தவர், மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம்.

பூத உருவப் படம் என்றதும் இன்று உலகமே ஜப்பானைத்தான் நினைக்கிறது. இஷிரோ ஹோண்டா என்ற இயக்குநர் 1954 நவம்பரில் 'காட்ஜில்லா'வைத் திரைக்குக் கொண்டுவந்தார். அதற்கு ஈராண்டுக்கு முன்பே ஏற்காட்டு மலையடியில் இராட்சத யானை நடந்துவிட்டது. இதைச் சொல்லி மார்தட்ட வேண்டும் என்பதல்ல நமது நோக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடைபோட வேண்டும் என்பதே நமது எண்ணம்.

யார் இந்தச் சுந்தரம்?

1907ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் திருச்செங்கோட்டில், நெசவுத் தொழிலில் செழித்த குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்திலே லீட்ஸ் நகர் சென்று நெசவுத் தொழில்நுட்பம் கற்றார். கிளாடிஸ் என்ற ஆங்கில மாதரை மணந்து ஊர் திரும்பினார். சாதிக்குள்ளே பெண் தேடும் நாட்டிலே, கடல் கடந்து துணை தேடிய துணிவு அது! துணி நெய்யப் படித்தவர் படம் நெய்யப் புறப்பட்டார். முதலில் சேலத்து ஏஞ்சல் பிலிம்ஸில் பங்காளி. பின்னர் 1930களின் நடுவிலே, ஏற்காடு செல்லும் பாதையிலே, தமது சொந்த நிலையம் - மாடர்ன் தியேட்டர்ஸ். 1937இல் 'சதி அகல்யா' வெளிவந்தது.

படம் எடுக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ஓடிய காலம் அது. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக் கூடம், கழுவும் கூடம், தொகுக்கும் கூடம், இத்தனையும் ஒரே மதிலுக்குள் அமைத்தார் சுந்தரம். நடிகருக்கும் எழுத்தாளருக்கும் தச்சருக்கும் மாதச் சம்பளம். ஆலையிலே சங்கு ஊதினால் தறி ஓடவேண்டுமல்லவா? அதே ஒழுங்கு! நேரம் தவறினால் நாயகனுக்கும் சலுகை கிடையாது. கண்டிப்பான முதலாளி. கண்டிப்பு சிலருக்குக் கசந்தது; ஆனால் படம் பாதியிலே நின்று, கூலி கிடைக்காமல் தெருவிலே நிற்கிற கொடுமை மிகுந்த துறையிலே, மாதச் சம்பளம் என்பது சின்னப் பேறா? தொழிலாளத் தோழர்கள் அறிவார்கள். அந்த மதிலுக்குள்ளிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன, பல மொழிகளிலே.

1938இல் 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும்படம். சேர நாட்டின் திரைக்கு நாவைத் தந்தது சேலம்! 1940இல் 'உத்தமபுத்திரன்'. பி.யு. சின்னப்பா இரண்டு வேடத்திலே தோன்றினார். ஒருவர் இருவராவது எப்படி? கேமராக் கண்ணின் பாதியை மூடிவிட்டு ஒரு பாதியிலே நடிகரைப் பிடிப்பது. பிலிமைப் பின்னுக்குச் சுற்றிவிட்டு, மூடிய பாதியைத் திறந்து, திறந்த பாதியை மூடி, மறு வேடத்தைப் பிடிப்பது. இடையிலே கேமரா மயிரிழை அசைந்தாலும் குட்டு வெளிப்படும். கொட்டகையிலே மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தவர்கள் மந்திரம் என்றார்கள். மந்திரமில்லை, மாயமில்லை, அளவும் உழைப்பும்தான்!

1945இல் 'பர்மா ராணி'. போர்க்காலம், வெள்ளையன் அரசு போர்ப் பிரச்சாரப் படம் கேட்ட காலம். அதிலே ஜப்பானியப் படை அதிகாரியாகத் தாமே வேடம் கட்டினார் சுந்தரம். விந்தையைப் பாருங்கள்! சேலத்திலே ஒருவர் ஜப்பானியப் படைவீரராக நடிக்கிறார். அதே போரிலே, சீன மண்ணிலே, ஹோண்டா உண்மையான ஜப்பானியப் படைவீரராகத் துப்பாக்கி தூக்குகிறார்.

1950இல் 'மந்திரிகுமாரி'. கலைஞர் கருணாநிதியின் உரையாடல், எம்.ஜி.ஆரின் வாள்வீச்சு. எல்லிஸ் ஆர். டங்கன் பாதியில் அமெரிக்கா திரும்ப, எஞ்சியதைச் சுந்தரமே முடித்தார். கோயிலுக்குள்ளும் அரண்மனைக்குள்ளும் ஒளிந்திருக்கும் கயமையைத் தமிழ் வசனம் தோலுரித்தபோது கொட்டகை அதிர்ந்தது. புராணம் எடுத்த நிலையமே பகுத்தறிவுக் கருத்துக்கும் தளமாயிற்று. கொள்கைக்காக எடுத்தாரா, கூட்டத்துக்காக எடுத்தாரா? கணக்கறிந்த முதலாளி அவர். மக்கள் பக்கம் காற்றடிப்பதைக் கண்டு பாயை விரித்தார் என்றே நாம் கருதுகிறோம்.

அதன் பிறகுதான் 'காடு'. வில்லியம் பெர்க் இயக்கினார். ராட் காமரான், சீசர் ரொமெரோ, மேரி வின்ட்சர் என்ற அமெரிக்க நடிகர்களோடு நமது எம்.என். நம்பியாரும் நடித்தார். பூண்டற்றுப்போன மிருகத்துக்கு எங்கே போவது? உயிருள்ள யானைக்கு நீண்ட மயிர்ப் போர்வை போர்த்தினார்கள். அவ்வளவுதான்! இராட்சத யானை தயார்.

ஜப்பானிலே நடந்ததும் அதைப் போன்றதே. ஹருவோ நகஜிமா என்ற நடிகர், ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள உடைக்குள் புகுந்து, சுடும் விளக்குகளின் கீழே, பொம்மை டோக்கியோவை மிதித்தார். கேமராவை வேகமாக ஓட்டிப் பிடித்ததால், திரையிலே அசைவு மெதுவாகி, மனிதனின் அடி மலையின் அடியாயிற்று. தந்திரத்தை அமைத்தவர் எய்ஜி சுபுராயா. அங்கே உடைக்குள்ளே வியர்த்தவன் மனிதன். இங்கே போர்வைக்குள்ளே வெந்தது யானை. திரையிலே பூதம், உள்ளே உழைப்பாளி!

ஆனால் ஒன்று நிலைத்தது, மற்றொன்று மறைந்தது. ஏன்?

ஹோண்டாவின் பூதத்துக்குப் பின்னே ஒரு நாட்டின் புண் இருந்தது. போர் முடிந்து ஊர் திரும்புகையில் அணுகுண்டு சாம்பலாக்கிய ஹிரோஷிமாவைக் கண்ணால் கண்டவர் அவர். 1954 மார்ச் 1ஆம் நாள் பிகினித் தீவிலே அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், மீன் பிடிக்கப் போன ஜப்பானியப் படகின் மீது விழுந்தது. 23 மீனவர் நோயுற்றனர். ஒருவர் அந்த ஆண்டே மாண்டார். அதே ஆண்டு இறுதியிலே வந்த பூதம் குண்டினால் எழுப்பப்பட்ட பூதம். உழைக்கும் மீனவன் தலையிலே விழுந்த சாம்பல்தான் அந்தப் படத்தின் உயிர். மிருகத்தைக் காட்டி, மிருகத்தை எழுப்பிய மனிதனைக் கேட்டார் ஹோண்டா.

'காடு' அந்தக் கேள்வியின் வாசல்வரை போயிற்று. யானை ஏன் இறங்குகிறது என்று கேட்டது! சரியான கேள்வி. விடை? மயிர்ப் போர்வை! நம் நாட்டுக் காட்டை வெளிநாட்டார்க்கு வேடிக்கை காட்டுகிற அவசரத்தில், காட்டோரம் வாழ்கிறவனின் கதை விடுபட்டுப் போயிற்று. தொழில் வென்றது, கதை தோற்றது என்பதே நமது தீர்ப்பு.

அந்தத் தோல்வியால் சுந்தரம் சிறுத்துவிடவில்லை. 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், அவரே இயக்கினார். 1961இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு' அவருடையதே. 1963 ஆகஸ்ட் 30ஆம் நாள், 56ஆம் வயதில், மறைந்தார். மகன் இராமசுந்தரம் நிலையத்தைத் தொடர்ந்து நடத்தினார். பின்னர் அதுவும் ஓய்ந்தது. ஏற்காட்டுச் சாலையிலே முகப்பு வளைவு மட்டும் மிச்சம்.

கேள்வி மட்டும் இன்னும் உயிரோடிருக்கிறது, நமது மலையிலே! 2023 ஏப்ரலில் சின்னக்கனாலில் அரிக்கொம்பனைப் பிடித்துப் பெரியாற்றுக் காட்டிலே விட்டார்கள். மே மாதம் அது கம்பம் வீதியிலே நடந்தது. ஜூனிலே மறுபடி பிடித்து, தெற்கே களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கு அனுப்பினார்கள். தொலைக்காட்சிகள் பூதப்படம் போல ஓட்டிக் காட்டின. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற யானையைப் பற்றிப் பேசாத வாயில்லை. அது நடந்த தடத்தை மறித்தது யார், அந்தத் தடத்திலே ஏழைக்குக் குடிசைபோட இடம் காட்டியது யார் என்று கேட்ட வாய்கள் எத்தனை? யானையின் வழியும் போயிற்று, ஏழையின் உறக்கமும் போயிற்று. இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு எங்கோ அமர்ந்திருப்பவனுக்கு மட்டும் சேதமில்லை.

தோழர்களே! பூதத்தைக் காட்டி ஒருவன் பயமுறுத்தினால், போர்வையைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே வெந்துகொண்டிருப்பது பெரும்பாலும் நம்மைப் போன்ற ஓர் உயிர்தான். போர்வை போர்த்தியவன் எங்கே என்று பிறகு கேளுங்கள். திருச்செங்கோட்டுச் சுந்தரம் போர்வை நெய்யும் திறத்தை நமக்குக் காட்டிப் போனார். அதைத் தூக்கிப் பார்க்கும் வேலை நம்முடையது!