பேய்களுக்கு அங்க அடையாளம் எழுதிய கவிச்சக்கரவர்த்தி

காஞ்சிபுரத்தை அடுத்து, பாலாற்றங்கரையில் இருக்கிறது ஓரிக்கை. தறியின் ஓசைக்குப் பழகிய ஊர். அந்த வட்டாரத்தில் நெய்யும் பட்டுச் சேலைகளின் கரையைப் பாருங்கள். யாளி இருக்கும், அன்னப்பட்சி இருக்கும், இரண்டு தலையுள்ள பறவையும் இருக்கும். இவற்றைக் கண்ணால் கண்டவர் எவரும் இல்லை. ஆனாலும் இது யாளி, இது அன்னம் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

நெசவாளர்கள் நூலால் செய்ததை ஒரு புலவர் சொல்லால் செய்தார். கண் காணாத பேய்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் அங்க அடையாளம் எழுதினார். அவர்தாம் கவிச்சக்கரவர்த்தி ஜெயங்கொண்டார். அவர் பாடிய நூல் கலிங்கத்துப்பரணி.

தீபங்குடிப் புலவர்

ஜெயங்கொண்டாரின் ஊர் தீபங்குடி. இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. பழைய சமணக் கோயில் ஒன்று இன்றும் அங்கே உண்டு.

அக்காலத்தில் சோழ நாட்டை ஆண்டவன் முதலாம் குலோத்துங்கன். 1070ஆம் ஆண்டு முடிசூடி, ஐம்பது ஆண்டுகள் அரசு செலுத்தியவன். அவனுடைய அவையில் ஜெயங்கொண்டார் தலைமைப் புலவராக விளங்கினார். கவிச்சக்கரவர்த்தி என்ற பட்டமும் பெற்றார்.

காஞ்சியில் பிறந்த கட்டளை

ஒரு சமயம் குலோத்துங்கன் காஞ்சியில் தங்கியிருந்தான். சிற்றரசர்கள் வரிசையாக வந்து திறை செலுத்தினார்கள். வட கலிங்க மன்னன் அனந்தவர்மன் சோடகங்கன் மட்டும் வரவில்லை. இரண்டு முறை திறை கட்டத் தவறியவன் அவன்.

மன்னனுக்குக் கோபம் மூண்டது. காஞ்சியிலேயே போருக்குக் கட்டளை பிறந்தது. தளபதி கருணாகரத் தொண்டைமான் படையுடன் வடக்கே புறப்பட்டான். வழியில் படை கடந்த ஆறுகளை ஜெயங்கொண்டார் வரிசையாகச் சொல்கிறார். அந்த வரிசையில் முதலில் வருவது, ஓரிக்கையைத் தொட்டுச் செல்லும் நம் பாலாறுதான்!

இது நடந்தது 1110ஆம் ஆண்டை ஒட்டி. கலிங்கம் தோற்றது. சோடகங்கன் தப்பி ஓடினான்.

வெற்றிச் செய்தி கேட்ட மன்னன், ஜெயம் கொண்டதால் தானும் ஒரு ஜெயங்கொண்டான் ஆகிவிட்டதாகப் புலவரிடம் வேடிக்கையாகச் சொன்னானாம். அப்படியானால் ஒரு ஜெயங்கொண்டானை மற்றொரு ஜெயங்கொண்டான் பாடுவதுதான் பொருத்தம் என்று புலவர் நினைத்தாராம். பாட்டு அரங்கேறியபோது, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் மன்னன் ஒரு பொன் தேங்காயை உருட்டிவிட்டான் என்றும் கதை உண்டு.

பேய்களின் வரிசை

போரில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்ற வீரனைப் பாடுவது பரணி. இந்த நூலில் சுமார் 600 பாடல்கள். மன்னனின் புகழைப் பாட வந்த புலவர், பேய்களுக்கென்றே ஒரு தனிப் பகுதி ஒதுக்கினார்.

அந்தப் பேய்கள் எப்படி இருக்கும்? கைகால்கள் பனைமரம் போல நீளம். வாய் ஒரு குகை. பற்கள் மண்வெட்டியும் கலப்பையும் போல. பசியால் வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கும். உட்கார்ந்தால் முழங்கால்கள் முகத்துக்கும் மேலே மூன்று முழம் உயர்ந்து நிற்கும்!

இவ்வளவோடு விடவில்லை. அவற்றில் நொண்டிப் பேய் உண்டு. குருட்டுப் பேய் உண்டு. ஊமைப் பேய் உண்டு. நொண்டிக்குக் கால் போனது எப்படி? பழைய போர்க்களம் ஒன்றில், மூளைச் சேற்றில் வழுக்கி விழுந்ததால். குருட்டுப் பேய்க்குக் கண் போனது எப்படி? இன்னொரு பழைய போர்க்களத்தில், குருதியும் குடலும் கலந்து சமைத்த சூடான கூழ் தெறித்துக் கண்ணில் பட்டதால். ஒவ்வொரு ஊனமும் ஒவ்வொரு பழைய போரின் அடையாளம்.

பேய்களின் பசி

இந்தப் பேய்கள் தங்கள் தலைவியான காளியிடம் அழுகின்றன. காரணம் என்ன? பசி. போர் நடந்தால்தான் அவற்றுக்குச் சோறு. கலிங்கப் போர் முடிந்ததும் களத்துக்கு ஓடுகின்றன. யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன. யானையின் விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. குளித்துவிட்டுக் கூழ் சமைத்து, ஊர்ப்பந்தி போலவே உட்கார்ந்து உண்கின்றன. ஊமைப் பேய் கையைக் காட்டிக் கூழ் கேட்கிறது. கர்ப்பிணிப் பேய்க்கும் பங்கு உண்டு.

படிக்கும்போது சிரிப்பு வருகிறது. கொஞ்சம் நிறுத்தி யோசித்தால் சிரிப்பு அடங்கிவிடுகிறது. அந்தக் கூழில் வெந்தவர்கள் யார்? கலிங்கத்து வீடுகளிலிருந்து போருக்குப் போனவர்கள். அவர்களுக்காக அழுதவர்களும் இருந்திருப்பார்கள். அரசனைப் புகழும் நூலே, போர் எதைத் தின்கிறது என்பதையும் நம் கண்முன் வைத்துவிடுகிறது.

கடல் கடந்த பேய்ப் புத்தகம்

அமெரிக்காவில் 1974இல் ஒரு புது விளையாட்டு வெளியானது. சிலர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வீரர்களாகத் தங்களைப் பாவித்துக் கதை வளர்ப்பார்கள். எதிரே வரும் பூதங்களுக்கென்றே 1977இல் கேரி கைகாக்ஸ் என்பவர் ஒரு கையேடு எழுதினார். 350க்கு மேற்பட்ட விசித்திரப் பிறவிகள் அதில் உண்டு. ஒவ்வொன்றின் உருவம், வலிமை, வாழும் இடம் எல்லாம் அதில் இருக்கும். நம் நாட்டு ராட்சசனும் நாகமும்கூட அதில் இடம் பிடித்துவிட்டன! இப்போது உலகெங்கும் இளைஞர்கள் அப்படிப்பட்ட கையேடுகளை விரும்பிப் படிக்கிறார்கள்.

நம் புலவர் அந்த வேலையைச் சுமார் 850 ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் செய்துவிட்டார். அவருக்குப் பின் வந்த ஒட்டக்கூத்தரும் தக்கயாகப்பரணியில் பேய்களைப் பாடினார்.

தப்பி ஓடிய சோடகங்கன் என்ன ஆனான்? அவன் பல்லாண்டுகள் ஆண்டான். இன்று நாம் காணும் பூரி ஜகந்நாதர் பெருங்கோயிலைக் கட்டத் தொடங்கியவன் அவனே. சோழர் படையும் கலிங்கர் படையும் இன்று இல்லை. தோற்றவன் தொடங்கிய கோயில் இருக்கிறது. வென்றவனின் புலவர் எழுதிய புத்தகம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில், பசித்த பேய்கள் இன்னும் அடுத்த போருக்காகக் காத்திருக்கின்றன. அவற்றைப் பட்டினி போடுவது மனிதர்களின் கையில்தான் இருக்கிறது.