இந்தியத் தாவரங்களின் பதிவேடு இந்தியாவிலேயே இருக்க வேண்டும்: அதற்காக வாதாடிய ஜானகி அம்மாள்

பொம்மனஹள்ளி (பெங்களூரு): எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் செல்லும் மேம்பாலச் சாலை தொடங்கும் பொம்மனஹள்ளி ஒரு காலத்தில் பெங்களூருவின் புறத்தே இருந்த கிராமம். இந்நகரின் சாலையோரங்களில் நிழல் தரும் குல்மொஹர் மரத்தின் தாயகம் மடகாஸ்கர். தூங்குமூஞ்சி மரம் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. வீடுகளும் ஆலைகளும் எழுவதற்கு முன் இம்மண்ணில் தானாக வளர்ந்தவை எவை என்று அறிய விரும்புவோர், முன்பு எவரோ பறித்து, உலர்த்தி, இடமும் நாளும் குறித்துத் தாளில் ஒட்டி வைத்த மாதிரிகளையே நாட வேண்டும்.

அத்தகைய தாள்கள் எந்த நாட்டில் இருக்க வேண்டும், அவற்றை யார் சேகரிக்க வேண்டும் என்ற கேள்வியைச் சுதந்திர இந்தியாவில் அழுத்தமாக எழுப்பியவர் தாவரவியலாளர் எடவலத்து கக்கட்டு ஜானகி அம்மாள். அக்கேள்விக்காக அவர் தம் பதவி வாய்ப்பையும் மனநிம்மதியையும் இழக்க நேர்ந்தது.

கேரளத்தின் தலசேரியில் 1897 நவம்பர் 4 அன்று அவர் பிறந்தார். ஜோசப் டால்டன் ஹூக்கர் தலைமையில் உருவான ஏழு தொகுதிகள் கொண்ட பிரிட்டிஷ் இந்தியத் தாவரத் தொகுப்பு நிறைவுற்றதும் அதே ஆண்டில்தான். தந்தை நீதித் துறை அலுவலர். வீட்டுத் தோட்டத்தைப் பேணுவதில் பெருவிருப்பம் கொண்டவர். உடன்பிறந்தோர் பலர். சகோதரிகள் மணம் புரிந்து குடும்ப வாழ்வில் அமைய, ஜானகி சென்னைக்குப் படிக்கச் சென்றார். ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். பின்னர் பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்ற அவர், 1931-இல் அங்கு முனைவர் பட்டம் பெற்றார். தாவரவியலில் அந்நிலையை எட்டிய இந்தியப் பெண்களுள் முன்னோடி அவர்.

திருவனந்தபுரத்தில் சிறிது காலம் பேராசிரியராக இருந்தபின், 1934-இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். இனிப்பு மிகுந்த கரும்பு வகைகளுக்கு அன்று ஜாவாவை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. காட்டில் வளரும் நாணல் இனத்தோடு கரும்பைக் கலந்து, இந்நாட்டு மண்ணைத் தாங்கும் பயிரை உருவாக்குவது அந்நிலையத்தின் வேலை. ஜானகி அம்மாள் உயிரணுவில் உள்ள குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணி, எந்தப் புல் எதற்கு உறவு என்று கண்டறிந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்துகூட ஒரு கலப்பினத்தை உண்டாக்கினார். பெங்களூருவில் சர் சி.வி. ராமன் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமி 1935-இல் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஆயினும், பெண், மணமாகாதவர், பிற்படுத்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்ற காரணங்களால் பணியிடத்தில் அவருக்கு இடர்ப்பாடுகள் இருந்ததாக அவரது வாழ்வை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர்.

1939-இல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்குச் சென்றவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கினார். லண்டனில் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் சி.டி. டார்லிங்டனுடன் பணியாற்றினார். இருவரும் இணைந்து எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூல் 1945-இல் வெளிவந்தது. குண்டுவீச்சு நடக்கும் இரவுகளில் கட்டிலுக்கு அடியில் ஒதுங்கி, மறுநாள் உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்ந்ததாக அவர் நண்பர்களிடம் கூறுவதுண்டு. பின்னர் விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தில் மக்னோலியா மரங்களை ஆராய்ந்தார். அவர் பெயர் தாங்கிய ஒரு மக்னோலியா வகை இன்றும் உண்டு.

பிரதமர் ஜவாஹர்லால் நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தாயகம் திரும்பினார். 1954-இல் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் சிறப்பு அலுவலராக நியமிக்கப்பட்டார். 1890-இல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் அப்போது ஏறத்தாழச் செயலிழந்திருந்தது.

நிலைமையை ஆராய்ந்த அவர் அரசுக்குத் தந்த குறிப்பு கூர்மையானது. முந்தைய முப்பது ஆண்டுகளில் இந்தியாவில் தாவரங்களைச் சேகரித்தோர் பெரும்பாலும் அயல்நாட்டவர். மாதிரிகள் ஐரோப்பியத் தோட்டங்களிலும் காப்பகங்களிலும் கிடக்கின்றன. எனவே இந்தியத் தாவரங்களைப் பற்றி இந்தியாவை விட வெளிநாட்டில்தான் நன்றாக ஆராய முடிகிறது என்பதே அதன் சாரம். ஒரு செடிக்கு முதன்முதலில் பெயரிடப் பயன்பட்ட மூல மாதிரி லண்டனில் இருக்குமானால், மேற்கு மலையில் அதைக் கண்டெடுத்த இந்திய மாணவர் கப்பலேறித்தான் அதை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். இது வெறும் உணர்ச்சி வாதமாகத் தோன்றவில்லை.

சீரமைப்பின் பயனாக 1955-இல் கோயம்புத்தூரிலும் புனேயிலும், 1956-இல் ஷில்லாங்கிலும் டேராடூனிலும் மண்டல அலுவலகங்கள் தொடங்கின. ஆனால் வகைப்பாட்டியல் பணியின் தலைமைப் பொறுப்பு ஸ்பெயினில் பிறந்த இயேசு சபைத் துறவி ஹெர்மெனெகில்ட் சாந்தாபாவுக்கு வழங்கப்பட்டது. இதனால் ஜானகி அம்மாள் மிகவும் மனம் வருந்தினார். சாந்தாபாவும் சாதாரணர் அல்லர். மேற்குத் தொடர்ச்சி மலையை நடந்தே அறிந்தவர், பின்னாளில் இந்தியக் குடியுரிமையும் பெற்றவர். எனவே இதில் ஒருவரை மட்டும் குறை கூறுவது எளிதன்று. ஜானகி அம்மாள் அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றார்.

அந்த ஆண்டுகளில் அவரை வாட்டியது பதவி மட்டுமன்று. உணவு உற்பத்தியைப் பெருக்கும் வேகத்தில் காடுகள் அழிந்து வந்தன. ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தொலைவில், அப்பகுதியில் எஞ்சியிருந்த ஒரே ஒரு மக்னோலியா கிரிஃபித்தி மரத்தைத் தேடிச் சென்றார், அது எரிக்கப்பட்டிருந்தது. 1955-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் புவியை மாற்றிய விதம் குறித்து நடந்த ஆய்வரங்கில் பங்கேற்ற ஒரே பெண் அவரே. பழங்குடியினரின் தாவர அறிவும் பதிவு செய்யப்பட வேண்டியதே என்பது அவர் நிலைப்பாடு. மருந்துச் செடிகளையும் வட்டாரப் பெயர்களையும் பொருட்படுத்தாத பட்டியல் அவருக்கு அரைகுறைப் பட்டியலாகவே பட்டது.

ஓய்வுக்குப் பின் ஜம்முவிலும் டிராம்பேயிலும் பணியாற்றிவிட்டு, 1970-இல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்துக்கு வந்தார். அதன் மதுரவாயல் கள ஆய்வகத்தில் பூனைகளோடும் மருந்துச் செடிகளோடும் எளிமையாக வாழ்ந்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ எண்பது. எதிர்ப்புக் குரல்களோடு தம் குரலையும் சேர்த்த அவர், அக்காட்டுத் தாவரங்களின் குரோமோசோம்களை ஆராய்ந்து பதிவு செய்யும் பணியிலும் இறங்கினார். நீரில் மூழ்கினால் எவை மறையும் என்பது முதலில் தெரிய வேண்டும் என்று அவர் கருதினார். 1984 பிப்ரவரியில் மதுரவாயலில் அவர் காலமானார். அணைத் திட்டம் அதற்குள் கைவிடப்பட்டிருந்தது; அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அவ்வாண்டு நவம்பரில்.