அன்னா சொன்ன கதையும் மறைத்த கதையும்

சிங்கப்பூரின் பழைய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால் உயரமான பீடத்தின்மீது சிறிய வெண்கல யானைச் சிலை ஒன்று நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவின்போது அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் நம்மில் பலர் இருப்போம். 1871ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கு வந்த சயாம் மன்னர் சூலலோங்கோர்ன், தம் வருகையின் நினைவாக வழங்கிய பரிசு அது. அப்போது அவருக்கு வயது 17. அவருக்குச் சிறுவயதில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர், இதே சிங்கப்பூரிலிருந்து பேங்காக்குக்குக் கப்பலேறிச் சென்ற ஓர் இளம் விதவை. பெயர் அன்னா லியோனோவன்ஸ்.

இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட 'தி கிங் அண்ட் ஐ' என்ற படத்தைக் கேள்விப்பட்டிருக்கலாம். மொட்டைத் தலையுடன் அதட்டும் மன்னர், அகன்ற பாவாடை அணிந்து அவரை எதிர்த்துப் பேசும் ஆங்கிலேய ஆசிரியை, இருவரும் சேர்ந்து ஆடும் நடனம். வெளிநாட்டுக்குச் சென்று ஆங்கிலம் கற்பித்து ஒரு நாட்டையே மாற்றிய பெண்ணின் கதை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படி ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க, வேறொரு பெண் வெளியே வந்தார்.

அன்னா தம்மைப் பற்றிச் சொன்ன கதை இது. 1834ல் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். குடும்பப் பெயர் கிராஃபர்ட். தந்தை, இந்தியாவில் உயிர்நீத்த ராணுவ கேப்டன். கணவர் ராணுவ மேஜர்; சிங்கப்பூரில் புலி வேட்டைக்குச் சென்று, வெயில் தாங்காமல் இறந்துபோனவர்.

ஆவணங்கள் சொல்லும் கதை வேறு. அவர் பிறந்தது 1831 நவம்பரில், மேற்கு இந்தியாவின் அகமத்நகரில். இயற்பெயர் ஆன் ஹாரியட் எட்வர்ட்ஸ். தந்தை தாமஸ் எட்வர்ட்ஸ் மரவேலை தெரிந்த சாதாரண சார்ஜண்ட். மகள் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். தாயாரின் தந்தை பம்பாய் ராணுவத்தில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி. தாய்வழிப் பாட்டியின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. அவர் இந்தியப் பெண்ணாகவோ கலப்பினப் பெண்ணாகவோ இருந்திருக்க வேண்டும் என்று வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் கருதுகிறார்கள்.

அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் இது சின்ன விஷயமன்று. கலப்பினக் குடும்பத்தில் பிறந்து, ராணுவக் குடியிருப்பில் வளர்ந்த ஏழைப் பெண்ணுக்கு எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்பது பிறக்கும்போதே முடிவாகிவிடும். ஆனால் அந்தக் குடியிருப்பில் வளர்ந்த அன்னாவுக்கு மொழிகள் வசப்பட்டன. ஆங்கிலம் அவருடைய வீட்டு மொழி. அதுதான் பின்னாளில் அவருடைய முதலீடு.

1849ல் புனேயில் தாமஸ் லியோன் ஓவன்ஸ் என்ற எழுத்தரை மணந்தார். கணவரின் பெயரில் இருந்த இரு சொற்களும் பிறகு ஒட்டிக்கொண்டு 'லியோனோவன்ஸ்' ஆயின. இருவரும் வேலை தேடி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போனார்கள். அங்கு அன்னா பெண்களுக்கான பள்ளி ஒன்றை நடத்த முயன்றார். அவ்வளவாகக் கைகூடவில்லை. இடையில் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். ஏவிஸ் என்ற மகளும் லூயிஸ் என்ற மகனும் தங்கினார்கள். 1857ல் குடும்பம் நம் பக்கம் வந்தது. தாமஸ் பினாங்கில் தங்குவிடுதி நடத்தினார். 1859 மே மாதம் அவர் திடீரென இறந்தார். அவர் மேஜரும் இல்லை, அங்கே புலியும் இல்லை.

27 வயதில், இரண்டு சிறு பிள்ளைகளுடன், சேமிப்பு இல்லாமல் அன்னா சிங்கப்பூருக்கு வந்தார். அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக ஒரு சிறிய பள்ளியைத் திறந்தார். அவருடைய புதிய வாழ்க்கைக் கதை உருவானது இந்தக் காலத்தில்தான். அகமத்நகரில் பிறந்த கலப்பினப் பெண்ணிடம் தங்கள் பிள்ளைகளை அனுப்ப வெள்ளைக்காரக் குடும்பங்கள் தயங்கியிருக்கும். வேல்ஸில் பிறந்த சீமாட்டியிடம் அனுப்பத் தயங்க மாட்டார்கள். ஒருவரின் உச்சரிப்பை வைத்தே அவர் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று எடைபோடும் வழக்கம் நமக்கும் தெரியும். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது குரலை மாற்றிக்கொள்ளும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். நானும் மாற்றியிருக்கிறேன். அன்னா முழு வாழ்க்கையையும் மாற்றிக்கொண்டார்.

அந்தப் பள்ளியிலும் வருமானம் போதவில்லை. அந்த வேளையில்தான் சயாம் மன்னர் மோங்குட் தம் பிள்ளைகளுக்கு ஆங்கில ஆசிரியை தேடிக்கொண்டிருந்தார். மன்னருக்காகச் சிங்கப்பூரில் ஆள் தேடியவர் சயாமின் இங்கத்திய தூதரக அதிகாரியாக இருந்த வணிகர் டான் கிம் சிங். நம் டான் டோக் செங் மருத்துவமனைக்குப் பெயர் தந்தவரின் மகன். மகள் ஏவிஸை இங்கிலாந்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மகன் லூயிஸை மட்டும் அழைத்துக்கொண்டு 1862 மார்ச் மாதம் அன்னா பேங்காக் சென்று சேர்ந்தார்.

அங்கு அவரை எதிர்கொண்ட மனிதர் படத்தில் வரும் மன்னரைப்போல் இல்லை. மோங்குட் அரியணை ஏறுவதற்கு முன் 27 ஆண்டுகள் புத்த பிக்குவாக இருந்தவர். பிரெஞ்சுப் பேராயரிடம் லத்தீனும் அமெரிக்க மிஷனரிகளிடம் ஆங்கிலமும் கற்றவர். அமெரிக்காவுக்கு யானைகளை அனுப்ப முன்வந்து அந்நாட்டு அதிபருக்குக் கடிதம் எழுதியவர். பணிவாக மறுத்துப் பதில் எழுதியவர் ஆப்ரகாம் லிங்கன். சுற்றிலும் பிரிட்டனும் பிரான்சும் நாடுகளை விழுங்கிக்கொண்டிருந்தபோது, அவர்களின் மொழியைத் தெரிந்துகொள்வதே தற்காப்பு என்று மோங்குட் கணக்குப் போட்டார். அரண்மனைக்கு ஆங்கிலம் வந்தது அந்தக் கணக்கினால்தான். முன்பு மிஷனரிகளின் மனைவியர் அரண்மனையில் கற்பித்தபோது பாடத்தோடு மதமும் சேர்ந்து வந்தது. ஆகவே மதமாற்ற முயற்சி கூடாது, மொழியை மட்டும் கற்பிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் அன்னாவை வரவழைத்தார்.

ஐந்தாண்டுகளுக்கு மேல் அவர் அங்கு கற்பித்தார். இளவரசர்கள், இளவரசிகள், மன்னரின் மனைவியர் எனப் பலரும் அவரிடம் படித்தார்கள். பட்டத்து இளவரசர் சூலலோங்கோர்னுக்கு அப்போது எட்டு வயது. மன்னரின் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்தும் வேலையும் அன்னாவிடம் வந்தது. சம்பளம், தங்கும் வீடு, வேலைப்பளு என்று மன்னருடன் சச்சரவுகளும் வந்தன. முதலாளியுடன் இப்படி வாதாடும் துணிச்சல் ஆன் எட்வர்ட்ஸுக்கு இருந்திருக்குமா? வேல்ஸ் சீமாட்டிக்கு இருந்தது.

1867ல் உடல்நலம் குன்றி விடுப்பில் கிளம்பினார். மறு ஆண்டு ஆகஸ்ட் மாதம், தாமே கணித்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண மோங்குட் தென்கடற்கரைக்குச் சென்றார். அதைக் காணச் சிங்கப்பூரிலிருந்து ஆளுநர் ஹாரி ஆர்டும் போயிருந்தார். கணிப்பு பலித்தது. ஆனால் அந்த இடத்தில் தொற்றிய மலேரியாவால் மன்னர் அக்டோபர் முதல் நாளில் காலமானார். படத்தில் அவருடைய மரணப் படுக்கையருகே அன்னா நிற்பார். உண்மையில் அவர் சயாமைவிட்டுச் சென்று ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. புதிய மன்னரான மாணவர் நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். திரும்பி வரும்படி அழைக்கவில்லை.

வேலை போயிற்று. மறுபடியும் பிழைக்க வழி தேட வேண்டும். அமெரிக்காவுக்குச் சென்ற அன்னா, சயாம் அனுபவங்களை இதழில் எழுதி, 1870லும் 1873லும் இரண்டு புத்தகங்களாக வெளியிட்டார். அடிமை முறை அப்போதுதான் ஒழிந்திருந்த நாட்டில், அரண்மனைப் பெண்களின் அடிமைத்தனத்தைப் பற்றிய புத்தகங்களுக்கு வாசகர்கள் காத்திருந்தார்கள். அந்தப் பெண்கள்மீது அன்னா கொண்ட பரிவு பொய்யென்று நான் நினைக்கவில்லை. ஆனால் மன்னரைக் கொடுங்கோலராகக் காட்டும் சில காட்சிகளை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. நிலத்தடிச் சிறைகளைப் பற்றி அவர் எழுதினார். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும் பேங்காக் மண்ணில் அவற்றுக்கு எங்கே இடம்?

இந்த இடத்தில்தான் எனக்கு அவர்மீது கோபம் வருகிறது. பிறப்பைப் பற்றி அவர் சொன்ன பொய்க்குக் காரணம் இருந்தது. அந்த உலகம் அவரை அப்படிச் சொல்ல வைத்தது. அதனால் யாருக்கும் பெரிய நட்டமில்லை, அவருடைய சொந்தக் குடும்பத்தைத் தவிர. சகோதரி எலைசாவின் குடும்பத்தோடு அவர் உறவை அறுத்துக்கொண்டார். அந்தச் சகோதரியின் பேரன் போரிஸ் கார்லோஃப் என்ற பெயரில் பின்னாளில் ஹாலிவுட்டில் ஃபிராங்கன்ஸ்டைன் பூதமாக நடித்துப் புகழ்பெற்றார். அவரும் பெயர் மாற்றிக்கொண்டவர்தான்! ஆனால் மோங்குட்டைப் பற்றிய கதைகளின் விலையைக் கொடுத்தது அன்னா அல்ல. வேலை கொடுத்து, நம்பித் தம் பிள்ளைகளை ஒப்படைத்த ஒருவர், இறந்த பிறகு பதில் சொல்ல முடியாத நிலையில் அதைக் கொடுத்தார்.

1897ல் ஐரோப்பா சென்ற சூலலோங்கோர்ன் லண்டனில் தம் பழைய ஆசிரியையைச் சந்தித்தார். தந்தையைப் பற்றி ஏன் அப்படி எழுதினீர்கள் என்று அவர் வருத்தத்துடன் கேட்டதாக அன்னாவின் குடும்பத்தார் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். அந்த மாணவர் அதற்குள் தம் முன்னிலையில் தரையில் விழுந்து வணங்கும் வழக்கத்தை 1873லேயே நிறுத்தியிருந்தார். அடிமை முறையைப் படிப்படியாக ஒழித்துக்கொண்டிருந்தார். 1905ல் அது முற்றிலும் சட்டவிரோதமானது. இதில் அன்னாவின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சூலலோங்கோர்னுக்கு வேறு ஆசிரியர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் மேலாக, மோங்குட் போன்ற தந்தை இருந்தார். அதோடு இளவயதிலேயே சிங்கப்பூர், ஜாவா, இந்தியா என்று நேரில் போய்ப் பார்த்துவந்தவர் அவர். பயணம் ஆசிரியையை மட்டுமல்ல, மாணவரையும் மாற்றியது.

அன்னாவின் பிற்காலம் படங்களில் வருவதில்லை. மகளுடன் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் குடியேறினார். 1881ல் ஓர் இதழுக்காக ரஷ்யாவுக்குப் பயணம் செய்து எழுதினார். பெண்களின் வாக்குரிமைக்காகக் குரல்கொடுத்தார். 1887ல் ஹாலிஃபாக்ஸில் ஒரு கலைப் பள்ளியைத் தோற்றுவித்தவர்களில் முன்னின்றார். அது இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. அங்குள்ள கலைக்கூடத்துக்கு அவர் பெயர்தான். மகன் லூயிஸ் சயாமுக்குத் திரும்பி, மன்னரின் படையில் பணியாற்றி, பிறகு தேக்கு வணிகத்தில் செழித்தார். 1915 ஜனவரியில் மாண்ட்ரியலில் அன்னா இறந்தபோது, அவர் வேல்ஸில் பிறந்தவர் என்பதை யாரும் சந்தேகிக்கவில்லை.

அந்த ரகசியத்தை உடைத்தவர் வரலாற்றாசிரியர் அல்லர், சிலந்தி ஆய்வாளர். சிலந்திகளைத் தேடித் தாய்லாந்துக்குச் சென்ற பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயர், லூயிஸைப் பற்றிப் புத்தகம் எழுதத் தொடங்கினார். லூயிஸ் லண்டனில் பிறந்ததாக அன்னா சொல்லியிருந்தார். ஆனால் அங்கே பிறப்புச் சான்றிதழைத் தேடினால் கிடைக்கவில்லை. அந்த ஒற்றை இழையைப் பிடித்துக்கொண்டு போனவர், பெர்த், பினாங்கு, அகமத்நகர் என்று எல்லாவற்றையும் கண்டெடுத்து 1976ல் வெளியிட்டார்.

அன்னாவைப் பற்றிய கடைசிப் பெரிய படம் 1999ல் வந்தது. மன்னரை இழிவுபடுத்துகிறது என்று தாய்லாந்து அரசு படப்பிடிப்புக்கு அனுமதி மறுத்தது, திரையிடவும் தடைவிதித்தது. ஆகவே மலேசியாவில் படமெடுத்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த இடங்களில் பினாங்கும் ஒன்று. ஜார்ஜ்டவுனின் பழைய புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்தில், பிரான்சிஸ் லைட் புதைக்கப்பட்டிருக்கும் அதே மரநிழலில், தங்குவிடுதிக்காரர் தாமஸ் லியோனோவன்ஸின் கல்லறை இன்றும் இருக்கிறது.