பயில்வான் காமா குடித்த பாதாம் பால்

உலகத்தையே கலக்கிய குஸ்தி வீரர் காமா. ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம்தான். ஆனால் அந்தத் தோளையும் தொடையையும் பார்த்தவர்கள் மிரண்டு போவார்கள்.

பாலும் நெய்யும் பாதாமும் வளர்த்த உடம்பு அது. அவற்றை வாங்கப் பணம் வேண்டுமே! காமாவிடம் பணம் ஏது?

தந்தையை இழந்த சிறுவன்

காமா 1878-ம் ஆண்டு பஞ்சாபில் பிறந்தார். தந்தை தத்தியா சமஸ்தானத்துக் குஸ்தி வீரர். காமா சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவர் இறந்து விட்டார். தாத்தாவும் பிறகு மாமாவும் வளர்த்தார்கள்.

1888-ல் ஜோத்பூரில் பஸ்கிப் போட்டி நடந்தது. நூற்றுக்கணக்கான பயில்வான்கள் வந்தார்கள். ஒவ்வொருவராகக் களைத்து விலகினார்கள். கடைசிப் 15 பேரில் ஒருவனாக, பத்து வயதுச் சிறுவன் காமா நின்றான்! மகாராஜா அவனுக்கே பரிசு கொடுத்தார். அதன் பிறகு தத்தியா மகாராஜா அவனைத் தம் ஆதரவில் வைத்துக் குஸ்தி பழக்கினார். பாலுக்கும் பாதாமுக்கும் வழி பிறந்தது.

இரவிலேயே ஏற்பாடு

இன்று உடற்பயிற்சி செய்கிறவர்கள் புரோட்டீன் தூளைப் பாலில் கலக்கி, பாட்டிலில் ஊற்றி, பிரிட்ஜில் வைத்துக் கொள்கிறார்கள். அந்தக் கால வடநாட்டுப் பயில்வான்களுக்குத் தூளும் இல்லை, பிரிட்ஜும் இல்லை. ஆனாலும் முதல் நாள் இரவே வேலை தொடங்கி விடும்.

பாதாம் பருப்பைத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். காலையில் தோலை உரித்து, பெரிய சட்டியில் போட்டு, மரக்கட்டையால் மைய அரைப்பார்கள். மிளகு, சோம்பு, ஏலக்காய் சேர்ப்பதும் உண்டு. பிறகு பால் ஊற்றித் துணியில் வடிகட்டுவார்கள். இதற்குத் தண்டாய் என்று பெயர். கோதாவில் புரண்டு, வியர்வை அடங்கிய பிறகு குடிப்பார்கள்.

அரைத்ததை எடுத்து வைக்கும் பழக்கம் கிடையாது. வெயிலில் பாதாம் பால் சில மணி நேரத்தில் கெட்டு விடும். ஆகையால் ஊற வைப்பது இரவில். அரைப்பது குடிக்கும் வேளையில்.

காமா தினம் எவ்வளவு பால் குடித்தார் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். கேட்டால் தலை சுற்றும்! எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை.

வராமல் போன வீரர்

1910 செப்டம்பர் 10-ந் தேதி லண்டனில், போலந்து வீரர் ஸ்பிஸ்கோவுடன் காமா மோதினார். ஸ்பிஸ்கோ தரையோடு தரையாக ஒட்டிக் கொண்டார். இரண்டரை மணி நேரம் போராடியும் அவரைப் புரட்ட முடியவில்லை. ஒரு வாரம் கழித்து மீண்டும் மோத வேண்டும். ஸ்பிஸ்கோ வரவே இல்லை! ஜான் புல் பெல்ட் காமாவுக்குக் கிடைத்தது.

1928-ல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். காமாவுக்கு வயது ஐம்பதை நெருங்கிக் கொண்டிருந்தது. ஒரே நிமிடத்துக்குள் ஸ்பிஸ்கோ மண்ணில் கிடந்தார்.

கடைசிக் காலம்

1947-ல் நாடு பிரிந்தது. காமா லாகூரில் இருந்தார். கலவரத்தில் தம் தெருவில் வசித்த இந்துக்களைக் காப்பாற்றினார். ஆனால் அவரை ஊட்டி வளர்த்த சமஸ்தானங்கள் மறைந்து விட்டன. ஆதரித்த மன்னர்களும் இல்லை. நோய் வந்தது. பாதாம் கிடக்கட்டும், மருந்துக்கே திண்டாட்டம். இந்தியாவிலிருந்து தொழிலதிபர் பிர்லா பணம் அனுப்பி உதவினார்.

1960 மே 23-ந் தேதி லாகூரில் காமா காலமானார்.