ஜூரி முன் நின்ற பாகவதர்

எங்கள் ஆரணியில் வயசான தறிக்காரர்கள் இன்னமும் முணுமுணுப்பது எம்.கே. தியாகராஜ பாகவதர் பாட்டுத்தான். 1910-ல் மாயவரத்தில் பிறந்தவர். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளி கண்டது. அந்த நவம்பரிலேயே மஞ்சள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட, பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் சென்னை ஐகோர்ட்டில் ஜூரி முன் நின்றார்கள். ஜூரர்கள் ஒன்பது பேர், ஊர்க்காரர்கள். பாட்டுக்கு உருகியதும் கிசுகிசு படித்ததும் அந்த ஊர்தானே! 1945-ல் குற்றவாளி என்றார்கள்; ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் திருப்பி அனுப்பி, 1947-ல்தான் விடுதலை. அதுக்காக ஜூரியே ஆகாதுன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. அதே வழக்கில் பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடுவை நிரபராதி என்று விட்டதும் அந்த ஒன்பது பேர்தான். பாகவதருக்கு அப்புறம் படங்கள் ஓடவில்லை. 1959-ல், நாற்பத்தொன்பது வயசில் போய்விட்டார்.